ஆறாவது பலகை

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற சாலையில், வாடிப்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது மேலச்சத்திரம். கொடைக்கானல் போகிற வேன்கள் அந்த ஊருக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே புகுந்து ஹாரன் அடித்துக்கொண்டே வெளியேறிவிடும். ஒரு டீ குடிக்கக்கூட யாரும் இறங்க மாட்டார்கள். 2003-ஆம் வருஷம், அந்த வேன்களை எப்படியாவது நிறுத்திப் பார்ப்போம் என்று மாவட்ட நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஊரில் பழைய காலத்துச் சின்னங்கள் இருக்கிற இடங்களில் எல்லாம் வரலாற்றுப் பலகை வைக்க வேண்டும். எந்தெந்த இடம், என்ன வாசகம் என்பதைப் பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும்.

மன்றத் தலைவி அன்னக்கொடி. தனித்தொகுதி ஆனதால் நின்று ஜெயித்தவள். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்தவள். அவள் புருஷன் கருப்பு ஒரு கொத்தனார். அந்த ஊரில் பாதி வீடுகளின் சுவர்கள் இருவர் கையிலும் எழும்பியவை. பொம்மை மாதிரி உட்கார்ந்து காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள் என்று நினைத்தவர்களுக்கு முதல் நாளே விஷயம் புரிந்துவிட்டது. அன்று அவள் உள்ளே நுழைந்தபோது, சுழல் நாற்காலியில் துணைத்தலைவர் சின்னச்சாமி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்காக ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் நேராகப் போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, அது என் சேரு" என்றாள்.

குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சின்னச்சாமி எழுந்துவிட்டார். அவர் தாத்தா காலத்தில் அவள் தெருக்காரர்கள் 'அய்யா' என்று கூப்பிட்டுத் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்ட வீடு அவருடையது. இவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அவரும் பழகிக்கொண்டார். என்ன, 'தலைவரம்மா' என்று சொல்லும்போது மட்டும் தொண்டையை ஒரு தடவை செருமிக்கொள்வார்.

பலகை வாசகங்களை எழுதிக் கொடுக்க பாலமுரளி வந்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லித் தருகிறவர். சௌராஷ்டிரக் குடும்பம், அப்பா தறி வைத்திருந்தவர். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வந்து, தோளில் கேமராவோடு ஊர் முழுக்க நடந்தே பார்த்தார். சத்திரம், கல் பாலம், ஊருணி, சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல், வெள்ளைக்காரன் வந்து தங்கக் கட்டிய முசாபரி பங்களா என்று ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அழகாக ஒரு பத்தி எழுதிக் கொண்டு வந்தார். மன்றக் கூட்டத்தில் அவரே வாசித்துக் காட்டினார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"நல்லா இருக்கு சார்" என்றாள் அன்னக்கொடி. "ஆனா அஞ்சு பத்தாது. ஆறு வேணும்."

"ஆறாவது எது?"

"களத்துமேடு."

சின்னச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"களத்துமேட்டுல என்ன இருக்கு, தலைவரம்மா? வெறும் மண்ணு. வரலாறுன்னா கல்லு இருக்கணும், கட்டடம் இருக்கணும், கல்வெட்டு இருக்கணும். சாரையே கேளுங்க."

"கல்லு இல்லதான். ஆனா அந்த இடத்துல நடந்தது ஒண்ணு இருக்கு. அது இந்த ஊருல எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும்ணே."

பாலமுரளிக்குத் தெரியாது. அவளே சொன்னாள். 1961-இல் தை அறுப்பு நேரம். பெரிய வீட்டு வயலில் கூலிக்கு அறுக்கிற பெண்கள், கூலி நெல் அளக்கிற மரக்கால் சரியில்லை என்று சொல்லி, களத்துமேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மரக்காலை மாற்றுகிறவரைக்கும் ஒரு கதிர்கூட அறுக்கவில்லை. கடைசியில் மரக்கால் மாறியது. பெரிய வீடு என்பது சின்னச்சாமியின் தாத்தா வீடு.

"நடந்ததுக்கு ஆதாரம்?" என்றார் சின்னச்சாமி.

பாலமுரளி தர்மசங்கடத்தோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆதாரம் வேணும்மா. வாய்மொழியா மட்டும் இருந்தா, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா பதில் சொல்ல முடியாது."

"சார், போன மாசம் கீழக்குயில்குடி மலைக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போனதாச் சொன்னீங்கள்ல. அங்க கல்லுப் படுக்கையில சமண முனிவர் படுத்திருந்ததைப் பாத்தவுக யாராச்சும் இப்ப இருக்காகளா?"

"ரெண்டாயிரம் வருஷத்துச் சங்கதிம்மா அது."

"இது நாப்பது வருஷத்துச் சங்கதி. உக்காந்தவுக ஏழெட்டுப் பேரு இன்னும் எங்க தெருவுல இருக்காக. நீங்க போய்க் கேளுங்க. பொய்யின்னு தோணுனா எழுத வேணாம். நான் கேக்கவே மாட்டேன்."

பாலமுரளிக்கு அது நியாயமாகப் பட்டது. ஓட்டெடுப்புக்கு விட்டார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஆறாவது பலகைக்கான தீர்மானம் நிறைவேறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடி அவரைத் தன் தெருவுக்குக் கூட்டிப் போனாள். 1961-இல் முன்னால் நின்றவள் ஒச்சாயி. அப்போது அவளுக்கு இருபத்து மூன்றோ நான்கோ இருக்கும். இப்போது அறுபதைத் தாண்டியும் ஆட்டுக்குட்டிகளை விரட்டிக்கொண்டு ஒரு இடத்தில் நிற்காமல் திரிகிறவள். பாலமுரளி டேப் ரெக்கார்டரைக் கட்டில்மேல் வைத்ததும், "இது எதுக்கு? நான் என்ன ரேடியோவுலயா பாடப் போறேன்?" என்றாள்.

"நீங்க சொல்றதை மறந்துடாம இருக்கத்தான்மா."

"மறக்குற மாதிரியா நான் சொல்லுவேன்?" என்று ஆரம்பித்தாள்.

பெரிய வீட்டில் இரண்டு மரக்கால் இருந்தன. குத்தகை நெல்லை அளந்து வாங்க ஒன்று, கூலி நெல்லை அளந்து கொடுக்க ஒன்று. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். கொடுக்கிற மரக்காலின் உள்ளே அடியில் ஒரு பலகையை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். ஒச்சாயி ஒரு நாள் கூலி நெல்லை வீட்டுப் படியால் திரும்ப அளந்தாள். குறைந்தது. மறுநாளும் அளந்தாள். மறுநாளும் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரியை அளக்கச் சொன்னாள். அப்புறம் தெருவே அளந்தது.

"வயல்ல நெல்லு முத்திப்போயி உதிர ஆரம்பிச்சிருச்சு. நாங்க களத்துமேட்டுல அருவாளைக் கீழ வச்சிட்டு உக்காந்துட்டோம். எம்புருஷன் வந்து, எந்திரிச்சு வாடின்னான். மாட்டேன்னுட்டேன். ரெண்டு மாசம் என்கூடப் பேசல. அதையும் பலகையில எழுது."

பாலமுரளி சிரித்துவிட்டார். "அப்புறம்?"

"அப்புறம் வெளியூருலேருந்து அறுக்க ஆளுகளை வண்டியில கொண்டாந்தாக. நாங்க ரோட்டுல சுமைதாங்கிக் கல்லுகிட்டயே வண்டியை மறிச்சிட்டோம். வையல, அடிக்கல. இன்னிக்கு நீங்க அறுத்தா, சாயந்திரம் உங்களுக்கும் அதே மரக்கால்லதான் அளப்பாகன்னு சொன்னோம். அந்த வண்டியில ஒருத்தி இருந்தா. நல்ல கருப்பா, நெட்டையா. தண்ணி இருக்கான்னு கேட்டா. குடுத்தோம். குடிச்சா. வண்டியைத் திருப்புன்னுட்டா. அவ பேரு கேட்டு வச்சுக்காம விட்டுட்டோம், அதுதான் எனக்கு மனசு ஆறாம இருக்கு."

பாலமுரளி அதோடு விடவில்லை. மற்ற பெண்களைத் தனித்தனியாகக் கேட்டார். பல விஷயங்கள் ஒத்துவந்தன, சில வரவில்லை. எத்தனை நாள் உட்கார்ந்தார்கள் என்பதில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டியவரையும் தேடிப் பிடித்தார். பெரிய வீட்டில் கடைசிவரைக்கும் வேலை பார்த்தவர் அவர். "ஆமா, ஆளுகளை அவுக ஊருலேயே எறக்கிவிட்டுட்டு வெறும் வண்டியாத்தான் திரும்பினேன். மறுநாளு அய்யா வாடிப்பட்டிக்கு ஆள் அனுப்பி முத்திரை போட்ட மரக்கால் வாங்கியாரச் சொன்னாரு" என்றார் அவர். அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பாலமுரளி அன்னக்கொடியிடம் சொன்னார்: "ரெண்டு தரப்பும் ஒரே கதையைச் சொல்லுதும்மா. இதைவிட நல்ல ஆதாரம் எனக்குச் சில ராஜாக்களுக்கே கிடைச்சதில்ல."

வாசகம் தயாரானது. அதை மன்றத்தில் வைப்பதற்கு முன்பே சின்னச்சாமி அன்னக்கொடியின் அறைக்கு வந்தார். இந்தத் தடவை அவர் எதிர்க்க வரவில்லை. ஒரு துண்டுச் சீட்டை மேசைமேல் வைத்தார்.

"பலகை வைங்க. நான் ஒண்ணும் சொல்லல. இந்த ஒரு வரியை மட்டும் சேத்துக்கங்க."

'நிலக்கிழார் அவர்கள் பெருங்கருணையுடன் புதிய மரக்கால் வழங்கினார்' என்று இருந்தது. அன்னக்கொடி அதை இரண்டு தடவை வாசித்தாள். பேனாவை எடுத்து 'பெருங்கருணையுடன்' என்பதை மட்டும் அடித்தாள்.

"மிச்சத்தைச் சேத்துக்கிறேண்ணே. புது மரக்கால் வச்சது உண்மை. அதை மறைக்கக் கூடாது."

"எங்க தாத்தா நெனச்சிருந்தா போலீசைக் கூப்பிட்டுருக்கலாம். கூப்பிடல. அதுக்குப் பேரு என்னவாம்?"

"அதுக்குப் பேரு என்னன்னு எனக்குத் தெரியாது. நெல்லு உதிருதேன்னு கூட இருந்திருக்கலாம். அவுக மனசுல என்ன இருந்துச்சுன்னு நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. பாத்ததை மட்டும் எழுதுவோம்."

அவர் எழுந்தார். வாசல்வரைக்கும் போய்த் திரும்பி, "களம் இன்னும் எங்க பட்டாவுல இருக்கு, தலைவரம்மா" என்றார்.

"பலகை களத்துல வராதுண்ணே. அதை ஒட்டி இருக்கிற வண்டிப்பாதை ஓரத்துல. அது புறம்போக்கு. சர்வேயரை வச்சு அளந்துட்டேன்."

ஆறு பலகைகளும் ஒரே நாளில் வைக்கப்பட்டன. நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து, இரண்டு இரும்புக் கால். ஆறாவது பலகை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு காலையில் ஆடு மேய்க்கப் போன ஒச்சாயிதான் முதலில் பார்த்தாள். கால்கள் பிடுங்கப்பட்டு, பலகை வயலுக்குள் குப்புறக் கிடந்தது. எழுத்துகள்மேல் தாரைக் கொட்டியிருந்தார்கள்.

பத்து மணிக்குள் பலகையையும் கால்களையும் தூக்கிக்கொண்டு வந்து அன்னக்கொடி வீட்டு முன்னால் தெருவே கூடிவிட்டது. இளவட்டங்கள் கொதித்துப்போய் இருந்தார்கள். ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்ய வேண்டும், கலெக்டர் வந்தால்தான் எழுந்திருப்பது என்றார்கள். கருப்பும் அவர்கள் பக்கம்தான்.

"இன்னிக்கு விட்டா நாளைக்கு நம்ம தலையிலேயே தாரை ஊத்துவானுக" என்றான்.

தார் வழிந்திருந்த அந்தத் தகரத்தைப் பார்த்தபோது அன்னக்கொடிக்கும், யாரோ தன் முகத்தில் கையை வைத்து அழுத்தின மாதிரிதான் இருந்தது. ஆனால் மறியல் செய்தால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கூட்டம் சேரும். போலீஸ் வரும். இரண்டு தெருவிலும் நாலு பையன்கள் மேல் கேஸ் விழும். மரக்கால் கதை போய், கலவரக் கதைதான் பேப்பரில் வரும். பலகை வேண்டாம் என்று மேலிடத்திலிருந்தே உத்தரவு வந்துவிடும்.

அவள் குனிந்து இரும்புக் கால்களைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த சிமெண்டை விரலால் தட்டினாள்.

"ஒரு அடி குழிகூடத் தோண்டல. இதைக் காத்தே சாய்ச்சிருக்கும்" என்றாள். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். "ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம். யார் பேரையும் போட வேணாம். மறியல் வேணாம். தகரம் வச்சதுதான் தப்பு. கல்லுல வெட்டி வைப்போம். ஆள் உயரக் கல்லு. பாதி மண்ணுக்குள்ள. அதைப் பிடுங்கணும்னா கிரேன் கொண்டாரணும். கிரேன் கொண்டாந்தா ஊரே பாக்கும்."

யாரோ ஒரு பையன் சிரித்தான். அதோடு கூட்டத்தின் சூடு கொஞ்சம் இறங்கியது.

அன்று மத்தியானமே அவள் சின்னச்சாமி வீட்டுக்குப் போனாள். தனியாக, முன்வாசல் வழியாக. அவர் மனைவி கதவைத் திறந்து, ஒரு கணம் தயங்கி, "உள்ள வாங்க" என்றாள். கூடத்தில் சின்னச்சாமி ஒரு பெரிய வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். களத்துமேட்டையும் அதை ஒட்டிய வயல்களையும் வீட்டுமனைகளாகப் பிரித்து விற்கிற வரைபடம். அதற்கான அனுமதி மனு இரண்டு வாரமாகப் பேரூராட்சியில் இருந்தது.

"நான் செய்யல" என்றார் அவர், அவள் உட்காருவதற்கு முன்பே.

"நீங்க செஞ்சீங்கன்னு நான் சொல்லல. யாரு செஞ்சாகன்னு கேக்கவும் வரல. இந்த மனை விஷயமாத்தான் வந்தேன்."

அவர் முகம் இறுகியது. "ஓ. அதை நிறுத்தி வைக்கப் போறீங்களா?"

"நிறுத்துறதுக்கு எனக்கு என்ன பாத்தியதை? சட்டப்படி இருந்தா குடுத்துதான் ஆகணும். ஆனா சட்டப்படி பத்துல ஒரு பங்கை நீங்க பொது இடமா எழுதிக் குடுக்கணும். நீங்க ஓடைப் பக்கத்துப் பள்ளத்தைக் காட்டியிருக்கீங்க. மழை பேஞ்சா அங்க இடுப்பளவு தண்ணி நிக்கும். பிள்ளைக எப்படி விளையாடும்? மன்றத்துல அதை நான் ஏத்துக்க மாட்டேன். களத்துமேட்டை எழுதிக் குடுங்க."

"அது ரோட்டுமேல இருக்கு. இருக்கிறதுலயே நல்ல இடம்."

"அதனாலதான் கேக்குறேன்."

சின்னச்சாமி வரைபடத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்க பூங்கா வந்தா, சுத்தி இருக்கிற இத்தனை மனையும் பூங்காவைப் பாத்த மனை. மதுரைக்காரங்க எதைத் தேடி வாராங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? பள்ளத்தைப் பாத்த மனையை யாரு வாங்குவா? பூங்காவுக்கு நடுவுல கல்லு நிக்கும். திறப்பு விழாவுக்கு நீங்க வரணும். துணைத்தலைவர் இல்லாம விழா நல்லா இருக்காது."

அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்தாள். எவர்சில்வர் டம்ளர், அவருக்கு வைத்த அதே மாதிரி. அன்னக்கொடி அதை எடுத்து ஆற்றிக் குடித்தாள். அந்த வீட்டுச் சமையற்கட்டுக்கு அவளே டைல்ஸ் சுமந்திருக்கிறாள். அப்போது தண்ணீர் கொல்லைப்புறத்துக் குழாயில்தான் பிடித்துக் குடிக்க வேண்டியிருந்தது. அதை அவள் இப்போது சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருப்பதாகப் படவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் சின்னச்சாமி.

"யோசிங்க. அடுத்த கூட்டம் வியாழக்கிழமை" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வியாழக்கிழமை திருத்திய வரைபடம் வந்தது. களத்துமேடு பூங்காவாகியிருந்தது.

கல்லில் வெட்டுவது என்றானதும் பாலமுரளிக்கு வேறு கஷ்டம் வந்தது. தகரத்தில் பன்னிரண்டு வரி எழுதியிருந்தார். கல்லில் அவ்வளவு இடம் இல்லை, எழுத்து தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்றார் கல் வெட்டுகிறவர். பேரூராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக வெட்டினார்கள். 'வீரம் செறிந்த' போனது. 'வரலாற்றுச் சிறப்புமிக்க' போனது. பெண்களின் பெயர்களைப் போடலாமா என்று ஒச்சாயியைக் கேட்டார்கள்.

"எம்பேரை மட்டும் போட்டா மத்தவளுக சண்டைக்கு வருவாளுக. எல்லார் பேரும் போடுற அளவுக்குக் கல்லு இருக்கா? இல்லைல. அப்ப பொம்பளைகன்னு போடு" என்றாள்.

கடைசியில் கல்லில் இருந்தது இவ்வளவுதான்:

'1961 தை மாதம் இந்தக் களத்தில் மேலச்சத்திரத்துப் பெண்கள், கூலி மரக்காலின் அளவு சரியாகும்வரை அறுவடைக்கு இறங்க மறுத்தனர். நிலக்கிழார் முத்திரையிட்ட புதிய மரக்கால் வைத்தார். அறுவடை நடந்தது.'

குழியை அன்னக்கொடி தானே அளவு சொல்லித் தோண்டவைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கலவையையும் அவளே பார்த்தாள். கருப்பு தூக்குக்குண்டு பிடித்துக் கல்லை நிமிர்த்தினான். பலகை விழுந்த அன்று கொதித்த அதே பையன்கள்தான் கயிற்றை இழுத்தார்கள்.

விழாவுக்குச் சின்னச்சாமி சலவைச் சட்டையோடு வந்தார். மைக் அவர் கைக்குப் போனதும், தன் தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து, "எங்க தாத்தா அன்னிக்குப் பெருங்கருணையோட" என்றார். முன்வரிசையிலிருந்து ஒச்சாயி சத்தமாகவே, "கருணையா? நெல்லு உதிந்துச்சுப்பா" என்றாள். கூட்டம் சிரித்தது. சின்னச்சாமியும், வேறு வழியில்லாமல், சிரித்துவிட்டார். அன்னக்கொடி அவரைத் திருத்தவில்லை. காற்றோடு போகிற பேச்சில் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று இருந்தாள்.

இரண்டு மாதத்தில் சாலையோரத்தில் புதிதாக ஒரு பெரிய விளம்பரப் பலகை வந்தது. 'மரக்கால் நகர். வரலாற்றுச் சிறப்புமிக்க பூங்கா அருகில் வீட்டுமனைகள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பாலமுரளி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"நாம வெட்டிப் போட்ட வார்த்தையை அவர் பொறுக்கி எடுத்துக்கிட்டாரும்மா."

"எடுத்துக்கிறட்டும் சார். மரக்கால்ங்கிற பேரைச் சொல்லித்தானே இனிமே அங்க வீடு கட்டுறவுக ஆட்டோக்காரனுக்கு வழி சொல்லணும்" என்றாள் அன்னக்கொடி.

அவள் மேசைமேல் மனுக்கள் குவிந்திருந்தன. ஊருணியின் கிழக்குக் கரையை உடையாமல் காத்தது தங்கள் ஆட்கள்தான் என்று குயவர் தெருவிலிருந்து ஒன்று. முதன்முதலில் பள்ளிக்கூடம் நடந்தது தங்கள் பள்ளிவாசல் திண்ணையில்தான் என்று ராவுத்தர் தெருவிலிருந்து ஒன்று. சுமைதாங்கிக் கல், வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன எந்தப் பெண்ணின் நினைவாக வைக்கப்பட்டது என்று பலகையில் எழுதாததைக் கேட்டு மலையம்மாள் என்கிற டீச்சர் எழுதியது ஒன்று. பாலமுரளி ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

"இம்புட்டுக்கும் ஆதாரம் தேடணுமே" என்றார். இந்த ஊருக்கு வந்து வந்து அவர் பேச்சும் மாறிவிட்டிருந்தது.

அன்னக்கொடி அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். முதல்ல குயவர் தெரு. மணி பத்துதான் ஆகுது, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போயிட்டு வந்துரலாம்."